ஐந்து ஆட்டங்களும் ஒரு பதினாறு வயதுப் பையனும்

இங்கிலாந்தில் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் வரக்காப்பொலயில் இரவு ஏழரைக்குத் தொடங்குகிறது. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைப் பின்தள்ளியதும் அது எட்டரை ஆகிவிடும். ஆக, பிரீமியர் லீக்கின் முதல் பத்து வாரத்தில் பெரும்பாலான ஆட்டங்கள் கொழும்பு–கண்டி வீதியில் வெளிச்சம் அணையாத நேரத்திலேயே முடிந்துவிடுகின்றன. சம்பியன்ஸ் லீக் அப்படியல்ல. அது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் ஆரம்பம். விடியுமுன் இறப்பர் பால்வெட்டுக்குப் போக வேண்டிய வீட்டில் அதைப் பார்க்கிறவன் அம்மாவிடம் ஏச்சு வாங்காமல் தப்புவதில்லை. எள்ளுருண்டைக்குப் பேர்போன இந்த ஊரிலும், அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், செப்டெம்பர் மாதத்து வாதம் எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். "இந்த வருஷம் கப் நமக்குத்தான் மச்சான்" என்பான் ஒருவன். "அஞ்சு மெட்ச்தானே முடிஞ்சிருக்கு" என்பான் மற்றவன்.

இரண்டாமவன் சொன்னதில் ஒரு பெரிய தத்துவக் கேள்வி இருக்கிறது. ஐந்து ஆட்டங்களைக் கண்டவர், இன்னும் நடக்காத முப்பத்து மூன்றைப் பற்றி எதை அறிவார்? பதினாறு வயதுப் பையன் அடித்த ஒரு கோல் அவனுடைய இருபத்தாறாவது வயதைப் பற்றி என்ன சொல்லும்?

கண்டதிலிருந்து காணாததற்குப் போகும் வழியைத் தமிழில் தேடுகிறவர் மணிமேகலையின் 27ஆம் காதைக்குத்தான் போக வேண்டும். வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டு வரும் மணிமேகலையிடம், அளவைவாதி அனுமானத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறான். காட்டுக்குள் பிளிறல் கேட்டு அங்கே யானை இருக்கிறது என்பது ஒன்று. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்பது இன்னொன்று. கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது மூன்றாவது. முதலிரண்டும் இருப்பதையும் நடந்து முடிந்ததையும் பற்றியவை. மூன்றாவது மட்டுமே இன்னும் நடக்காததைப் பற்றியது. முகிலைக் காற்று கலைத்துவிடலாம். வந்த வெள்ளத்தை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

புள்ளிப்பட்டியல் வெள்ளம். இதுவரை எங்கே எவ்வளவு பெய்தது என்பதை அது பிழையில்லாமல் சொல்லும். ரசிகன் அதை முகிலாக வாசிப்பதில்தான் சண்டை தொடங்குகிறது.

லிவர்பூலின் 2025–26 பருவத் தொடக்கம் இதற்கு நல்ல பாடம். முந்தைய பருவத்தின் சம்பியன்; கோடைச் சந்தையில் 400 மில்லியன் பவுணுக்கு மேல் செலவு; லீக்கின் முதல் ஐந்து ஆட்டங்களிலும் வெற்றி. பட்டியலில் அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கோ வேறொன்றும் தெரிந்தது. போர்ன்மத், நியூகாசில், ஆர்சனல், பேர்ன்லி ஆகிய நான்கு அணிகளுக்கு எதிராகவும் வெற்றியைத் தீர்மானித்த கோல் 80ஆவது நிமிடத்துக்குப் பிறகே விழுந்தது. இதையே ஒருவர் மன உறுதி என்றார், இன்னொருவர் அதிர்ஷ்டம் என்றார். அடுத்து கிறிஸ்டல் பேலஸ், செல்சி, மென்செஸ்டர் யுனைட்டட், பிரென்ட்போர்ட் என்று லீக்கில் தொடர்ச்சியாக நான்கு தோல்விகள். மன உறுதி என்றவர் ஓய்ந்தார். அதிர்ஷ்டம் என்றவர் ஞானியானார். ஆனால் அவரும் முகிலைப் பார்த்துச் சொன்னவர்தான். காற்று இந்த முறை அவர் பக்கம் அடித்தது, அவ்வளவுதான்.

ஹல் சிட்டியின் கதை இதைவிடக் கொடுமை. 2008இல் முதன்முறையாக முதற்பிரிவுக்கு ஏறி வந்த அணி, ஆர்சனலையும் டொட்டன்ஹமையும் அவர்களுடைய மைதானங்களிலேயே வென்று, ஒன்பது ஆட்டங்களில் 20 புள்ளி எடுத்தது. மிச்சமிருந்த 29 ஆட்டங்களில் எடுத்தது 15. ஒரேயொரு புள்ளியால் கீழிறங்காமல் தப்பியது. லெஸ்டர் இதற்கு நேர்மாறு. 2015–16இல் வாரத்துக்கு வாரம் "இனி விழும், இனி விழும்" என்று எல்லோரும் காத்திருக்க, 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் விலை வைத்த அணி கிண்ணத்தைத் தூக்கியது.

அப்படியானால் முடிவு தெரியும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அறிவா? கிரேக்க அறிஞர் சோலன் அப்படித்தான் நினைத்தார். செல்வச் செருக்கில் இருந்த குரோசஸ் மன்னனிடம், ஒருவனுடைய முடிவைப் பார்க்காமல் அவனைப் பாக்கியசாலி என்று சொல்லக் கூடாது என்று அவர் கூறியதாக ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அரிஸ்டோட்டில் இதைக் கையில் எடுத்து ஓர் இடக்கான கேள்வி கேட்டார்: ஒருவன் மகிழ்ச்சியாக இருக்கும்போது அதைச் சொல்லக் கூடாது, செத்த பிறகுதான் சொல்ல வேண்டுமென்றால், அது அபத்தம் இல்லையா?

ஆனால் காத்திருப்பதே எப்போதும் நல்லது என்று வரக்காப்பொல இருக்கும் கேகாலை மாவட்டத்து ஆட்களிடம் சொல்லிவிட முடியாது. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலைச்சரிவு வீடுகளை மூடியதை அவர்கள் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பெய்த மழையின் அளவை வைத்து எச்சரிக்கை விடுக்கிறது. மலை உண்மையில் சரியுமா என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கோ கோயிலுக்கோ போக வேண்டும். எச்சரிக்கை பொய்த்தால் இழப்பு ஓர் இரவின் தூக்கம். எச்சரிக்கையை அலட்சியம் செய்து அது மெய்யாகிவிட்டால் இழப்பு உயிர். எவ்வளவு ஆதாரம் போதும் என்ற கேள்வியைத் தனியாகக் கேட்டுப் பயனில்லை. தீர்ப்பு தவறினால் விலை கொடுப்பவர் யார் என்பதையும் கூடவே கேட்க வேண்டும்.

அணியைப் பற்றிய தீர்ப்பு தவறினால் விலை கொடுப்பவன் ரசிகன். திங்கட்கிழமை பஸ்ஸில் நண்பர்களின் பகிடி, ஒரு பிளேன்டி பந்தயம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆகவே ஐந்து ஆட்டமென்ன, ஒரே ஆட்டத்தை வைத்தும் அவன் தீர்ப்புச் சொல்லலாம். இளம் வீரனைப் பற்றிய தீர்ப்பு தவறினால் விலை கொடுப்பவன் அந்தப் பையன்.

2025 ஓகஸ்ட் 25, நியூகாசில் மைதானம். 100ஆவது நிமிடத்தில் ரியோ ங்குமோஹா அடித்த கோலில் லிவர்பூல் 3–2 என வென்றது. பதினேழாவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருந்தது. கழக வரலாற்றிலேயே மிக இளைய வயதில் கோல் அடித்தவன் அவன். இரண்டு நாள் முன்னர்தான் ஆர்சனலுக்காக மெக்ஸ் டோமன் பதினைந்து வயதில் லீக் களம் இறங்கியிருந்தான். அந்த வாரம் முழுக்க இந்த இரண்டு பெயர்களும் நாளைய உலகத்தைச் சுமந்தன.

நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் சாதகம் எழுதுகிறோம். உதைபந்தாட்டப் பயிற்சிக் கூடங்களிலும் பிறந்த தேதிக்கு ஒரு பலன் உண்டு. அதற்குக் கிரகங்கள் பொறுப்பல்ல. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டெம்பர் முதலாம் திகதியோடு தொடங்குவதால், செப்டெம்பரில் பிறந்தவன் அதே வகுப்பில் ஓகஸ்டில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். பத்து வயதில் அந்த ஒரு வருடம் உயரமும் பலமும் ஆகிறது. பயிற்றுவிப்பாளர் அதைத் திறமை என்று எண்ணித் தேர்ந்தெடுக்கிறார். இத்தகைய கூடங்களில் வயதுப் பிரிவின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்பதை ஆய்வாளர்கள் பலமுறை காட்டியிருக்கிறார்கள். ங்குமோஹா பிறந்ததோ ஓகஸ்ட் 29. வரிசையின் கடைசியில் நின்று வந்தவன்.

எல்லாம் முன்வினை என்று சொல்லி இதைத் தாண்டிவிட முடியுமா? வரக்காப்பொலயின் பெரும்பான்மைச் சமயமான பௌத்தமே அதை மறுக்கிறது. சீவகன் என்ற நாடோடித் துறவிக்குப் புத்தர் சொன்ன பதில் சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது: மனிதன் அனுபவிக்கும் எல்லாவற்றுக்கும் பழைய கர்மமே காரணம் என்பவர்கள் வரம்பு மீறிப் பேசுகிறார்கள், பித்தமும் சளியும் வாயுவும் பருவ மாற்றமும் காரணமாகலாம். 2005இல் எவர்ட்டனுக்காகப் பதினாறு வயதில் கோல் அடித்துப் பிரீமியர் லீக் சாதனை படைத்த ஜேம்ஸ் வோனின் வாழ்க்கையைக் காயங்கள் திரும்பத் திரும்ப மறித்தன. அதைத் தலைவிதி என்பவரைவிட, முழங்கால் என்பவர் உண்மைக்குக் கிட்ட நிற்கிறார்.

பெடரிகோ மக்கேடாவையும் நினைத்துப் பார்க்கலாம். 2009 ஏப்ரல் 5, அஸ்டன் வில்லாவுக்கு எதிராகப் பதினேழு வயதில் முதன்முறை களமிறங்கி, மேலதிக நேரத்தில் கோல் அடித்து மென்செஸ்டர் யுனைட்டட்டுக்கு 3–2 வெற்றி தந்தவன். அந்தப் பருவத்தில் யுனைட்டட் சம்பியன். பிறகு கழகம் கழகமாகக் கடனாக அனுப்பப்பட்டான். "வீணாய்ப் போனவன்" பட்டியல்களில் அவன் பெயர் வராத வருடமில்லை. ஆனால் கிரேக்கத்தின் பனதினைகோஸில் வருடக்கணக்கில் ஆடி, 2022இல் கிரேக்கக் கிண்ணத்தையும் வென்றான். உதைபந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பிழைத்த ஒருவன் எப்படித் தோற்றவன் ஆனான்? ரசிகர்கள் அவன் பெயரில் எழுதிய கதையில்தான் அவன் தோற்றான். அரிஸ்டோட்டில் பக்கம் நின்றால் அந்த ஏப்ரல் ஞாயிறின் மகிழ்ச்சி மெய்யானது. பின்னால் வந்த எதுவும் அதைப் பொய்யாக்கவில்லை.

இது நமக்கும் தூரத்து விஷயமல்ல. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன் பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் முதல் தமிழர் என்று ஊடகங்கள் எழுதின. யாழ்ப்பாணத்திலிருந்து டொரொண்டோ வரை படங்கள் பகிரப்பட்டன. மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் 2006இல் பிறந்த ஓர் இளைஞனின் ஒவ்வொரு தவறிய பாஸும் ஓர் இனத்தின் கணக்கில் எழுதப்படுமானால், அது அவன் கேட்டு வாங்கிய சுமையல்ல.

அணியைப் பற்றி விடிய விடியச் சண்டை போடுங்கள், அதற்காகத்தான் அட்டவணை. பையன்களைப் பற்றிய தீர்ப்பை மட்டும் சில வருடம் தள்ளி வையுங்கள். கோல் அடித்தால் அன்றைக்குக் கத்தலாம், அடுத்த வாரம் தவறவிட்டால் அவனுடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் போய் எதையும் எழுதாதிருக்கலாம்.