சாய்ந்த பங்கு

இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டால், அது சரிபாதியாகத்தான் இருக்க வேண்டுமா? ஒரு பக்கம் சாய்ந்த பகிர்வை உறவு என்பதா, சுரண்டல் என்பதா?

தென்காசியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். வேதிப்பிணைப்பு பாடம். அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வது சகப்பிணைப்பு. ஆனால் எல்லா அணுவும் ஒரே வலுவில் இழுப்பதில்லை. அந்த இழுப்புக்கு எலக்ட்ரான் கவர்திறன் என்று பெயர். 1932-ல் லைனஸ் பாலிங் அதற்கு ஓர் அளவுகோல் தந்தார். இன்றைய கணக்கில் ஹைட்ரஜன் 2.20, ஆக்ஸிஜன் 3.44. ஆகவே தண்ணீரில் எலக்ட்ரான்கள் ஆக்ஸிஜன் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும். ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ ஹைட்ரஜனுக்கு நஷ்டம்தானே மிஸ்? இதுக்குப் பேரு பங்கா?"

அந்த வாரம்தான் என் அக்கா புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். அவள் சம்பளம், தூக்கம், ஞாயிற்றுக்கிழமை எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. "ஏட்டி, ஒருத்தர் விட்டுக்குடுத்தாத்தான் குடும்பம்" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

அவர்களுக்கு வேதியியல் தெரிந்திருந்தால் நல்ல ஆதாரம் கிடைத்திருக்கும். ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 436 கிலோஜூல் வேண்டும். ஆக்ஸிஜன்களின் ஒற்றைப் பிணைப்புக்கு 146. சராசரி 291. ஆனால் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் 463. சாய்வு வந்ததும் பிணைப்பு வலுக்கிறது. பாலிங் தன் அளவுகோலையே இந்த உபரியிலிருந்துதான் கணக்கிட்டார்.

குற்றாலமும் அவர்கள் பக்கம் சாட்சி சொல்லும். அந்தச் சாய்வால்தான் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கந்தகத்தின் கவர்திறன் 2.58தான், அதனால் நீரைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யத்துக்கு 60 டிகிரி கீழேயே கொதித்து வாயுவாகிவிடும். சாய்வு இல்லையென்றால் சாரலும் இல்லை, சிற்றாறும் இல்லை. மாறாக, அருவிக்கரையில் தேய்த்துக்கொள்ளும் எண்ணெயில் கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் வித்தியாசம் 0.35. ஏறக்குறைய சமத்துவம்தான். அந்த முதுகில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும்.

ஆனாலும் இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. லாபம், நஷ்டம் எல்லாம் நாம் அணுவுக்கு இரவல் கொடுத்த சொற்கள். அங்கே எதையும் இழந்து தவிக்க ஆள் இல்லை. வீட்டிலோ, யாருக்கு வலிக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. இன்னொன்று, ஆக்ஸிஜனின் இழுப்பு அதன் கருவிலிருக்கும் 8 புரோட்டான்களிலிருந்து வருகிறது. அதை மாற்றினால் அது ஆக்ஸிஜனாகவே இருக்காது. புகுந்த வீட்டின் இழுப்பு வழக்கத்திலிருந்து வருகிறது. அதை மாற்றினாலும் அவர்கள் மனிதர்களாகத்தான் இருப்பார்கள். "இயற்கையே இப்படித்தான்" என்று சொல்பவர் பெரும்பாலும் ஆக்ஸிஜன் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அதற்காக வேதியியலிடம் கற்க ஒன்றுமில்லை என்று ஆகாது. அது சாய்வை மறைப்பதில்லை. தண்ணீரில் பங்கு என்று சொல்லும்போதே பக்கத்தில் 1.24 என்று வித்தியாசத்தையும் எழுதுகிறது. உப்பில் சோடியத்துக்கும் குளோரினுக்கும் வித்தியாசம் 2.23. அங்கே பங்கு என்ற பேச்சையே விட்டுவிடுகிறது. ஒன்று கொடுத்தது, மற்றது எடுத்துக்கொண்டது என்று பாடம் சொல்லி, அயனிப்பிணைப்பு என்று பேரையும் மாற்றிவிடுகிறது.

நம் வீடுகளில் எவ்வளவு சாய்ந்தாலும் பேர் மட்டும் மாறுவதில்லை. கடைசிவரை அது 'அட்ஜஸ்ட் பண்ணிப் போறது'தான்.

எந்த உறவும் எல்லா நாளும் சரிபாதியாக இருக்காது. பிள்ளை பெற்றவளுக்கும் நோயில் கிடப்பவருக்கும் பங்கு சாயத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான்: எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா? முடிந்தால், சாய்ந்தாலும் அது பகிர்வுதான். சொல்ல வந்தவளின் வாயை அடைத்தால், அதை இனியும் பங்கு என்று சொல்லக் கூடாது.