மழைக்கு முன் ஒரு குடம் நீர்

புதுவீடு மந்திரிக்கும் நாளில் கூரையின் மூலைகளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. வாசலில் வாழை கட்டியிருக்கும். பங்குத்தந்தை அறை அறையாகப் புனித நீர் தெளிப்பார். வந்தவர்கள் தரையின் வழவழப்பையும் சுவரின் வண்ணத்தையும் புகழ்வார்கள். ஆனால் வீட்டை மழையிலிருந்து காப்பவை இவை அல்ல. தளமும் கைப்பிடிச் சுவரும் சந்திக்கும் மூலை, தட்டோடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கு, மழைநீர்க் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் வாய் ஆகியவையே வீட்டைக் காக்கின்றன. இரு பொருள்கள் கூடும் இடத்தில்தான் நீர் நுழைகிறது. அங்கே நடந்த வேலை எத்தகையது என்பதை ஐப்பசி மழை வந்து சொல்லும்.

கண்ணுக்குப் புலப்படாத இந்த ஒட்டுவேலையில் ஓர் அறக்கேள்வி அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஒழுகும் கூரை எல்லாம் குற்றத்தின் அடையாளமா? ஒழுகாத கூரை எல்லாம் நேர்மையின் சான்றா? இல்லையெனில், உழைப்பில் தவறு எங்கே முடிகிறது, பாவம் எங்கே தொடங்குகிறது?

புளியந்தோப்பிலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை. 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு அதைத் தொடங்கி வைத்தார். அதே 1955இல்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். இரயில் பெட்டி ஓடுகின்ற ஒரு வீடு. தகடுகளைப் பற்றவைத்து அதன் கூரையை அமைக்கிறார்கள். காற்றுக்காகவும் குளிர்சாதனத்துக்காகவும் கூரையில் விடப்பட்ட திறப்புகளின் ஓரங்களை அடைக்கிறார்கள். பின்னர், பெட்டி தொழிற்சாலையை விட்டு வெளியேறுமுன் அதன் மீது செயற்கையாக மழை பொழியச் செய்து, உள்ளே எங்கேனும் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். பயணி நனைவதற்கு முன் செய்தவரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது.

அப்படியிருந்தும் பிழை நேர்வதுண்டு. கேரளத்தின் முதல் வந்தே பாரத் இரயிலும் இங்கே உருவானதுதான். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருவனந்தபுரத்தில் அது தொடங்கி வைக்கப்பட்டது. முதல் ஓட்டம் முடிந்து கண்ணூரில் நின்றிருந்தபோது மழையில் ஒரு பெட்டிக்குள் நீர் கசிந்தது. ஊரெல்லாம் நகைத்தது. நாம் நகைக்கத் தேவையில்லை. நின்ற இடத்தில் நீரைத் தாங்கிய ஒட்டு, ஓடிக் குலுங்கியபின் விட்டுக்கொடுக்கலாம். மனிதர் செய்யும் எந்த இணைப்பும் வெயிலாலும் அசைவாலும் தளர்கிறது. கசிவு கண்டவுடன் ஆளனுப்பி அடைத்தார்கள். இதனைத் தவறு என்று சொல்லலாம். பாவம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

புளியந்தோப்பிலேயே நடந்த இன்னொன்று வேறு வகையானது. கேசவப்பிள்ளை பூங்காத் திட்டப் பகுதியில் அப்போதைய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1,920 வீடுகள் கொண்ட அடுக்குமாடிகளைக் கட்டியது. பழைய குடியிருப்பு இடிக்கப்பட்டபின் தற்காலிகக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஏழைக் குடும்பங்களுக்கானவை அவை. 2021 ஆகஸ்டில், குடியேறியவர்கள் சுவரை விரலால் தேய்த்தபோது பூச்சு மணலாய் உதிர்ந்ததை நாடே பார்த்தது. சட்டப்பேரவையில் பேசப்பட்டது, பொறியாளர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர், சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆய்ந்தனர், பூச்சின் தரக்குறைவு உறுதியாயிற்று.

பூச்சும் ஓர் ஒட்டுவேலைதான். கலவையில் சிமெண்டு குறைந்தாலும், மணலில் தூசு மிகுந்தாலும், பூசுமுன் சுவரை நனைக்காவிட்டாலும், பூசியபின் நாள்தோறும் நீர் தெளிக்காவிட்டாலும் அது சுவரைப் பற்றுவதில்லை. மேலே வண்ணம் அடித்துவிட்டால் ஒப்படைக்கும் நாளில் எதுவும் தெரியாது. விரலால் தேய்த்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடச் சோதனையைக் கட்டியவரும் செய்யவில்லை, கண்காணித்தவரும் செய்யவில்லை. குடியேறியவர் செய்ய நேர்ந்தது. காசு கொடுத்து வாங்குபவர் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று போய்விடுவார். ஒதுக்கீட்டுச் சீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவருக்கு அந்த உரிமை இல்லை. அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார் என்னும் துணிவில்தான் அந்தச் சுவர் அப்படிப் பூசப்பட்டது. பாவம் இங்கே தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம்.

இறைவாக்கினர் எசேக்கியேல் வலுவற்ற சுவருக்கு வெள்ளையடித்தவர்களைக் கண்டிக்கிறார். மழை வந்ததும் அது விழும் என்கிறார். அதே இறைவாக்கினர் 27ஆம் அதிகாரத்தில் தீர் என்னும் துறைமுக நகரை ஓர் அழகிய கப்பலாக உருவகிக்கும்போது, அதன் விரிசல்களை அடைத்த முதுபெரும் கைவினைஞர்களையும் அக்கப்பலின் பெருமைகளுள் ஒன்றாகச் சேர்க்கிறார். கடலோரத்தில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். துறைமுகம் கட்டப்படுமுன் சென்னையில் கப்பலிலிருந்து கரைக்கு மக்களைக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை அவை. அலையில் வளைந்து கொடுக்கும். சிறிது நீரும் உள்ளே வரும். ஆனால் துடுப்புப் போட்டவர்களின் உயிரும் பயணிகளின் உயிரும் ஒரே தையலில் இருந்தன. இன்று ஒட்டை அடைப்பவர் ஓரிடம், அதன் கீழே உறங்குபவர் வேறிடம். இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது மனச்சான்று.

பிறரைச் சொல்லிவிட்டு எங்களைச் சொல்லாமல் விடுவது முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் புளியந்தோப்பில் நாங்கள் ஒரு சிறு வீடு கட்டினோம். மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதித்து முடிந்த அன்று மேஸ்திரி சொன்னார்: “சார், பாத்தி கட்டி ரெண்டு நாள் தண்ணி நிறுத்திப் பாத்துடலாம் சார்.” மந்திரிப்புக்கு நாள் குறித்து அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது. வண்ணம் அடிப்பவர்கள் காத்திருந்தார்கள். வேண்டாம் என்றோம். அவர் மீண்டும் ஒருமுறை கேட்டார். நாங்கள் சற்றுக் கடுமையாகவே மறுத்தோம்.

அந்த ஆண்டு மழையில் கைப்பிடிச் சுவரின் மூலையிலிருந்து நீர் இறங்கிப் படுக்கையறைச் சுவரில் வரைபடம் போட்டது. நாங்கள் மேஸ்திரியை அழைத்துத் திட்டினோம். அவருக்குத் தரவேண்டிய மீதிக் கூலியையும் நிறுத்திவைத்தோம். தாம் சொன்னதை அவர் நினைவூட்டவில்லை. தலை குனிந்து போய்விட்டார். அந்த மௌனத்தை அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நாங்கள் எடுத்துக்கொண்டோம். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது.

கூலியாளுக்கு மறுக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று திருத்தூதர் யாக்கோபு எழுதிய பகுதி திருப்பலியில் வாசிக்கப்பட்ட ஒரு ஞாயிறன்றுதான், நிறுத்தி வைத்த பணம் எங்கள் பேழையில் இருப்பது உறைத்தது. தேடிப் போய்க் கொடுத்தபோது அவர் அதை எண்ணவில்லை. “அந்த மூலை இப்ப எப்படி இருக்கு சார்?” என்று கேட்டார். அவருக்கு அந்த ஒட்டு இன்னும் தம்முடைய வேலையாகவே இருந்தது. எங்களுக்கோ அது வெறும் வழக்காக இருந்தது.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை இது: நேர்மையான வேலை என்பது கசியாத வேலை அன்று. மழை வருமுன் தானே நீர் ஊற்றிப் பார்க்க விரும்பும் வேலை அது. கசிந்தால் திரும்பி வரும் வேலை அது. அவ்விருப்பத்தை அழிப்பவர் கொத்தனாராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. நாள் குறித்து அவசரப்படுத்தும் வீட்டுக்காரரும், மிகக் குறைந்த விலைக்கே வேலையைக் கொடுக்கும் அலுவலகமும், பாராமலே கையொப்பமிடும் கண்காணிப்பாளரும் அதில் பங்காளிகள்.

மந்திரிப்பு நாளில் தெளிக்கப்படும் புனித நீர் சில துளிகளே. அதற்கு முன் மாடியில் இரண்டு நாள் நின்றிருக்க வேண்டிய நீரை நாங்கள் மறுத்தோம். அடுத்த முறை பாத்தி கட்டவும் கூலி உண்டு, காத்திருக்கவும் நாள் உண்டு என்று மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லுவோம். அழைப்பிதழை அதற்குப் பிறகு அச்சிட்டுக்கொள்ளலாம்.