முதல் உடைப்பு

அஸ்ஸாமில் மழைக்காலந்தோறும் பிரம்மபுத்திராவும் துணையாறுகளும் கரை கடக்கின்றன. 1950 ஆகஸ்ட் 15 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்து, வண்டல் சேர்ந்து, நதியின் படுகை உயர்ந்தது. அதன்பின் வெள்ளமும் கரையரிப்பும் மேலும் கடுமையாயின. வெள்ளத்தோடு வாழக் கற்ற அம்மண்ணில் வழிவழியாகக் கூறப்படும் கதை ஒன்று உண்டு.

ஸ்ரீமந்த சங்கரதேவர் (1449–1568) பரதோவாவில் வாழ்ந்த காலம். தேம்புவானி என்னும் ஓடை பெருகி வயல்களை அழித்து வந்தது. ஊரார் கூடி அணை கட்டினர், உடைந்தது. மீண்டும் கட்டினர், மீண்டும் உடைந்தது. மனம் சோர்ந்து அவர்கள் சங்கரதேவரை நாடினர். மாசற்ற கற்புடைய பெண் ஒருத்தி, மீன் பிடிக்கும் மூங்கில் கூடையில் நீர் முகந்து வந்து ஊற்றினால் அணை நிற்கும் என்றார் அவர். இடைவெளிகளே நிறைந்த கூடையில் நீர் தங்குமா? உயர்குலப் பெண்கள் தயங்கினர். மீன்பிடிக்கும் கைவர்த்த குலத்தில் பிறந்த ராதிகா முன்வந்தாள். கூடையில் நீர் நின்றது, அணையும் நின்றது.

இக்கதையின் உட்பொருள் ஆழமானது. அணை எத்தனை நீளமாயினும் ஓரிடத்தில் நலிந்தால் முழுவதும் வீணாகிறது. சமுதாயமும் அத்தகையதே. ‘இவர் மேல், அவர் கீழ்’ என்ற எண்ணமே முதல் உடைப்பு. தாழ்ந்ததென்று ஒதுக்கப்பட்ட கையே ஊரைக் காத்தது என்பதை அவ்வூர் என்றும் மறக்கலாகாது.

சங்கரதேவர் வகுத்த நெறியில் வளர்ந்த நாம்கர் என்னும் பிரார்த்தனைக் கூடம், ஊர்ப் பொதுக்காரியங்களைப் பேசி முடிவெடுக்கும் மன்றமாகவும் விளங்குகிறது. இறைநாமம் பாடும் இடமும் ஊர்ப்பணிக்குத் திட்டமிடும் இடமும் வேறு வேறல்ல. நாம சங்கீர்த்தனத்தில் அருகே அமர்ந்து பாடியவருக்கு, வெள்ள நாளில் படகில் இடமில்லை என்று சொல்ல மனம் வருமா?

ஆபத்து வேளையில் ஒரே அடுப்பில் பொங்கி உண்பவர்கள், நீர் வடிந்ததும் பழைய வேலிகளைத் திரும்ப எழுப்பிக்கொள்வதுண்டு. உண்மையான சோதனை அன்றுதான் தொடங்குகிறது. ஆறு வற்றியிருக்கும்போதே கரையைச் செப்பனிட வேண்டும். மனத்தில் உள்ள உடைப்பை அடைப்பதற்கும் அமைதியான நாட்களே உரிய காலம்.