இயேசு பெயர் இல்லாத பாட்டு

ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் 'ஒரு ஜெர்மன் ரெக்குவியம்' பாட்டுத் தாளைக் கையில் கொடுத்ததும் எங்கள் கொயரின் பேஸ் குரல் பெரியவர் சுரங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வார்த்தைகளை மட்டும் கடைசிப் பக்கம் வரை படித்தார். "தம்பி, இதில் ஆண்டவர் இயேசுவின் பேரே இல்லையே?"

"84ஆம் சங்கீதம், அங்கிள். பழைய ஏற்பாடு."

"இந்த ஒரு பாட்டில் இல்லை, சரி. முழு ரெக்குவியத்திலும்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முழுவதிலும் இல்லை. கொயர்கள் விரும்பிப் பாடுகிற இந்த நாலாவது பகுதிக்கு முன்னும் பின்னும் தேடினாலும் இல்லை.

பினாங்கின் டத்தோ கிராமாட்டில் எங்கள் பெரியவர் கேட்டதை ஜெர்மனியில் 1867இலேயே கேட்டுவிட்டார்கள். பிரேமன் பேராலயத்தின் இசை இயக்குநர் ரைன்தாலர், கிறிஸ்துவின் மீட்பு இதில் எங்கே என்று பிராம்ஸுக்குக் கடிதம் எழுதினார். பிராம்ஸ் வளைந்து கொடுக்கவில்லை. தலைப்பில் 'ஜெர்மன்' என்பதை எடுத்துவிட்டு 'மனித' என்று போடவும் தயார், மீட்பைச் சொல்லும் வசனங்களைத் தெரிந்தேதான் விட்டேன் என்று பதில் எழுதினார். கடைசியில், 1868 ஏப்ரல் 10, பெரிய வெள்ளியன்று, அந்தப் பேராலயத்தில் இதைப் பாடியபோது, ஹேண்டலின் 'மெசையா'விலிருந்து மீட்பரைப் பற்றிய ஒரு பாட்டை நிகழ்ச்சியில் சேர்த்துச் சமாளித்தார்கள். சபைக் கமிட்டி எந்த ஊரிலும் சபைக் கமிட்டிதான்.

தாயார் 1865இல் இறந்தபின் பிராம்ஸ் இந்த வேலையில் மும்முரமானார். இறந்தோருக்கான லத்தீன் பூசையை விட்டுவிட்டு, லூத்தரின் வேதாகமத்திலிருந்து தானே வசனங்களைப் பொறுக்கினார். லத்தீன் ரெக்குவியம் இறந்தவருக்கு இளைப்பாறுதல் கேட்டுத் தொடங்கும். இது துயரப்படுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லித் தொடங்குகிறது. அவருக்கு விசுவாசமே இல்லை என்று, அவருடைய நண்பரும் பக்தியுள்ள கத்தோலிக்கருமான இசையமைப்பாளர் துவோர்ஷாக்கே மனம் நொந்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் எழுதியதைப் பாடினால் அது ஜெபமா?

இதைக் கேட்கும்போது என் அப்பாவின் நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. அவரிடம் ஸ்டாஃப் நொட்டேஷன் கிடையாது. டோ-ரே-மீ எழுத்துகளால் எழுதும் டானிக் சொல்ஃபாதான். யாராவது கொண்டுவரும் தாளை இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டில் நீல மையால் நான்கு குரல்களையும் பெயர்த்து எழுதுவார். தட்டுக்குத் தட்டு முக்காற்புள்ளி, நீட்டுவதற்குச் சின்னக் கோடு. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பில் ஒரு டிக். இந்த நாலாவது பகுதியும் அதில் இருக்கிறது, தலையில் 'டோ ஈ ஃபிளாட்' என்று. ஆரம்பத்தில் மரக்குழல்கள் ஒரு மெட்டை இறக்குகின்றன. சொப்ரானோக்கள் அதையே தலைகீழாக்கி மேலே ஏற்றுகிறார்கள். அந்த ஏற்றத்தின் முடிவில் அப்பாவின் சிவப்பு டிக். பிராம்ஸ் என்ன நம்பினார் என்று அவர் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. ஏக்கம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தச் சங்கீதத்தின் விஷயமே ஏக்கம். ஆலயத்துக்குள் போக முடியாதவன் வெளியிலிருந்து பாடுவது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் முருகனின் வெள்ளி ரதம் எங்கள் சாலை வழியாகத் தண்ணீர்மலைப் பக்கம் போகும். சாலையோரம் தேங்காய் குவிந்திருக்கும். அம்மாவின் சித்தி வெறுங்காலோடு காலையிலிருந்து நிற்பார். ரதம் அவர் முன்னால் நிற்பது சில நிமிடம்தான். அவர் காத்து நின்றது நாலு மணி நேரம். 84ஆம் சங்கீதத்தை எனக்கு விளக்கியது பிரசங்கமல்ல, அந்த முகம். சொன்னால் போதகர் கோபிப்பார்.

பிராம்ஸ் மீது எனக்கும் ஒரு குறை உண்டு. பீடத்தருகே வீடு கண்ட அடைக்கலான் குருவியின் வசனத்தை அவர் விட்டுவிட்டார். முதல் இரண்டு வசனம், பிறகு நேராக நாலாவது.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு வந்தார், பென்சிலோடு. அப்பா போட்ட இடத்திலேயே அவரும் மூச்சுக்கு டிக் போட்டிருந்தார். பேஸில் இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். குரல் இருந்தால் வாருங்கள். எந்தச் சபை, எந்தக் கோயில் என்று நான் கேட்கமாட்டேன். பெரியவர் கேட்பார்.