விடுபட்ட எண்

வாரிசுரிமைப் பங்கீட்டைக் கற்பிக்கும் ஃபராயிள் பாடத்தில் 24 என்னும் எண்ணுக்குத் தனியிடம் உண்டு. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது மகனுக்கு என்னும் நிலையில், சொத்தை 24 கூறாக்கினால் 3, 4, 17 எனப் பின்னமின்றிப் பிரிந்துவிடும். 24க்குக் காரணிகள் எட்டு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

தம்மிற் சிறிய எண்கள் அனைத்தையும்விட மிகுதியான காரணிகளைக் கொண்ட இத்தகைய எண்களை விரிவாக ஆராய்ந்தவர், 1887இல் ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன். சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராயிருந்த அவர் 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே இப்பொருள்பற்றிய அவரது நெடுங்கட்டுரை இலண்டனில் வெளிவந்தது. 1916இல் அவர் பட்டம் பெற்றதும் இவ்வாய்வுக்கே. அதில் அவர் தந்த பட்டியல் 6746328388800 வரை செல்கிறது. அவ்வெண்ணின் காரணிகள் 10080. கணிப்பொறி இல்லாத நாளில் கையால் போட்ட கணக்கு அது!

ஆயினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293318625600. 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5ஐயும் 7ஐயும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் அது கிடைக்கும். அதன் காரணிகள் 5040. அதனை 23ஆல் பெருக்கினால் வருவதோ, பட்டியலின் இறுதி எண்ணேயாகும்!

இதனை மாணவரிடம் சொல்வது மேதைக்கு இழுக்காகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. இராமானுஜன் பிறப்பதற்கு முன்பும் அவ்வெண்ணுக்குக் காரணிகள் 5040தான். அவர் அதனை எழுதாது விட்டபோதும் ஒன்றேனும் குறையவில்லை. அவர் உண்மைக்குச் சாட்சி; அதன் உரிமையாளர் அல்லர். சாட்சி ஒன்றை மறந்தமையால் அவர் சரியாகக் கண்ட நூற்றுக்கு மேற்பட்டவை பொய்யாகிவிடா. மனிதனைக் குறிக்கும் 'இன்சான்' என்னும் சொல்லை, மறதியைக் குறிக்கும் 'நிஸ்யான்' என்பதோடு இணைத்துப் பொருள் காண்பார் அரபு மொழி அறிஞர் சிலர்.

பட்டியலில் விடுபட்ட எண்ணுக்கு நோவு இல்லை. பங்கீட்டில் விடுபட்ட வாரிசுக்கோ உண்டு. தாம்பரத்துக்குத் தெற்கே, நாம் வாழும் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வயல்களெல்லாம் மனைகளாகிவரும் இந்நாளில், பங்கீட்டுக் கணக்கு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. குடும்பத்துப் பெரியவர் எழுதிய பத்திரத்தில் ஒரு மகளின் பங்கு விடுபட்டிருக்குமானால், 'பெரியவர் எழுதியாயிற்றே' என்று நாம் வாய்மூடி நிற்பது மரியாதையாகுமா? அவர் மதித்த நீதிக்கே அது மாறானதன்றோ?

ஆகவே, இராமானுஜனின் பட்டியலைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது விடுபட்ட எண்ணையும் அதற்குரிய இடத்தில் எழுதிக் காட்டுவோம். அவர்களே பெருக்கிச் சரிபார்க்கட்டும். பெரியோரின் கணக்கைப் பணிவோடு சரிபார்க்கும் பழக்கம், நாளை பங்கோலை எழுதும்போது அவர்களுக்குத் துணைநிற்கும்.