பாயும் விலங்கும் பாவக் கணக்கும்

"கடிக்க வரும் நாயைக் கம்பெடுத்து அடிப்பது பாவமா?" என்று கேட்போர் இன்றும் இருக்கின்றனர். எங்கிருந்து கேட்கின்றனர்? பெரும்பாலும் தாழிட்ட கதவுக்குப் பின்னே, கூடத்திலே அமர்ந்து கேட்கின்றனர். விடியுமுன் தெருக் கூட்டச் செல்லும் தாய் கேட்பதில்லை. நடைபாதையிலே குழந்தையை அணைத்துப் படுத்திருக்கும் தொழிலாளி கேட்பதில்லை. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்திலே குனிந்து கொழுந்து பறிப்பவளும் கேட்பதில்லை. செடி மறைவிலே சிறுத்தை படுத்திருக்கக்கூடும் என்பதை அறிந்தவள் அவள். ஆபத்து அவர்களுக்கு, ஆராய்ச்சி இவர்களுக்கு!

நமது விடை தெளிவானது. உயிருக்கு ஊறு நேரும் வேளையிலே, தன்னையோ பிறரையோ காத்திடத் தாக்குவது குற்றமன்று. தாக்கியதிலே விலங்கு மாண்டு போயினும் குற்றமன்று. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 11ஆம் பிரிவிலே, இதைத்தான் கூறுகிறது. ஆனால் இரண்டு முடிச்சுகளையும் போட்டு வைத்திருக்கிறது. அந்நேரத்திலே அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவனுக்கு — திருட்டு வேட்டைக்குப் போய் வேங்கையிடம் மாட்டிக்கொண்டவனுக்கு — இந்த விலக்குக் கிடையாது. இது ஒன்று. தற்காப்புக்காகக் கொல்லப்பட்ட விலங்கு அரசின் உடைமை. இது மற்றொன்று. தோலும் பல்லும் நகமும் கொன்றவனுக்குச் சேரா. உயிரைக் காத்துக்கொள், ஊதியம் தேடாதே என்கிறது சட்டம். எத்துணை நுட்பம் பாருங்கள்!

எல்லை எது? ஆபத்து நீங்கும் இடமே எல்லை என்போம். புலியை முறத்தால் விரட்டிய தமிழ்ப் பெண்ணின் கதை, மேடைதோறும் கேட்டுக் கேட்டுப் புளித்த கதைதான். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தோமா? அவள் விரட்டினாள், புலி ஓடிற்று, அவள் பின்தொடர்ந்து காட்டுக்குள் செல்லவில்லை. வலையிலே சிக்கி, அசைய இயலாது கிடக்கும் சிறுத்தையைச் சூழ்ந்து நின்று, தடியால் அடித்துத் தீர்க்கும் கூட்டத்தை அவளோடு ஒப்பிட இயலுமா? அங்கே தற்காப்பு முடிந்து நெடுநேரமாயிற்று. நடப்பது பழிவாங்கல். அதிலே வீரம் எங்கே இருக்கிறது?

1926இல் அகமதாபாத்திலே ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய், ஆலைப் பக்கம் திரிந்த 60 தெருநாய்களைக் கொல்லச் செய்தார். ஜீவகாருண்யம் பேசுவோர் சீறினர். அகிம்சை போதித்த காந்தியாரோ, வேறென்ன செய்ய முடியும் என்று கேட்டார். 'யங் இந்தியா' ஏட்டிலே தொடர்ந்து எழுதினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தபோதும் பின்வாங்கவில்லை. அந்தத் துணிவை நாம் மதிக்கிறோம். எனினும் கேட்கிறோம்: அறுபதுமா பாய்ந்தன? வெறிபிடித்துப் பாய்ந்ததைக் கொன்றது தற்காப்பு. மற்றவற்றையும் அந்தச் சொல்லுக்குள் அடைப்பது சொல்லைப் பிய்ப்பதாகும். வேறு வழி அன்று அரிதாக இருந்திருக்கலாம். இன்று கருத்தடை உண்டு, தடுப்பூசி உண்டு. 2001லேயே விதிகளும் வகுக்கப்பட்டன. புண்ணியம் தேடித் தெருநாய்க்குச் சோறிடுவோர், அதே நாய்க்கு ஊசி போடப்பட்டதா என்று கேட்பதுண்டா? அவர்களுடைய புண்ணியத்துக்கான விலையைத் தெருவிலே உறங்கும் குழந்தையல்லவா தருகிறது!

கம்பைக் கீழே போட்டதும் காப்பு முடிந்துவிடவில்லை. கடித்த நாயைக் கொன்றாயிற்று என்ற நிம்மதியோடு வீடு திரும்பி, மந்திரிப்பவரைத் தேடுவோர் உளர். நாய் செத்தாலும், கடிவாயிலே புகுந்த நோய்க்கிருமி சாவதில்லை. வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பவர் அரிதினும் அரிது. 1885இல் லூயி பாஸ்டர் 9 வயதுச் சிறுவனுக்கு ஊசி போடச் செய்து வழி காட்டினார். 1907இல் குன்னூரிலே அவர் பெயரால் நிலையமே எழுந்தது. காயத்தைச் சவுக்காரமிட்டு, ஓடும் நீரிலே கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குறித்த நாட்களிலே மீண்டும் சென்று, எஞ்சிய ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும்.