மாறாத டியூப்பிளும் மாறும் உயிரும்

அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் பைத்தான் நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். டியூப்பிள் பாடத்துக்கு எங்கள் பெங்களூரின் இருப்பிடத்தையே எடுத்துக்கொள்வேன்: (12.97, 77.59). அட்சரேகை, தீர்க்கரேகை. இதில் ஓர் எண்ணை மாற்றப் போனால் டைப்எரர் வந்துவிடும். வேறு இடம் வேண்டுமா, வேறு டியூப்பிள்தான்.

பிறகு ஒரு டியூப்பிளுக்குள் லிஸ்ட் ஒன்றை வைத்துக் காட்டுவேன். அந்த லிஸ்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பைத்தான் தடுக்காது. "அப்போ இது மாறுச்சா, மாறலையா சார்?" என்று கேட்டாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. டியூப்பிள் பிடித்திருப்பது அதே லிஸ்டைத்தான். அந்தப் பிடி மாறவில்லை. லிஸ்டுக்குள் இருப்பது மாறிவிட்டது.

சைவ சித்தாந்தம் படிக்கிற எனக்கு இது மெய்கண்டாரின் கேள்வியாகவே படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அவர் தந்த சிவஞானபோதம் 12 சூத்திரங்களே. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி என்பது சித்தாந்தம். உயிர் தோன்றுவதில்லை, அழிவதில்லை. ஆனால் சார்ந்ததன் வண்ணமாகும். பாசமாகிய மலத்தைச் சார்ந்தால் அறியாமை, சிவத்தைச் சார்ந்தால் ஞானம். பௌத்தர்கள் இதை ஏற்பதில்லை. மாறாத ஆன்மா ஒன்று உண்டு என்பதையே மறுப்பவர்கள் அவர்கள். நான் மெய்கண்டார் பக்கம். நேற்றுத் தவறியவன் இன்று திருந்தினான் என்று சொல்ல, இரண்டு நாளும் அவனே இருந்தாக வேண்டும்.

லிஸ்டைச் சுமக்கும் டியூப்பிளை டிக்‌ஷனரியில் சாவியாக வைக்க முடியாது. உள்ளே இருப்பது மாறக்கூடும் என்பதால் பைத்தான் அங்கே கண்டிப்பு. உயிரிடம் சித்தாந்தம் அந்தக் கண்டிப்பைக் காட்டுவதில்லை.

பிள்ளைகளுக்கு டியூப்பிள் நடத்தும் ஆசிரியர்களே, அந்த லிஸ்ட் உதாரணத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.